அடுப்புக்கும் லீவு உண்டு!
கார்வார் கடற்கரையில் ஒரு தொழிலாளர் குடும்பம்

லீவு கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர் யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "ஊருக்குப் போவேன்."

ஊருக்குப் போவது தவறல்ல. ஆனால் அங்கே போய் என்ன நடக்கிறது? தங்கை மகள் கல்யாணம். பெரியப்பா கருமாதி. அம்மன் கோவில் திருவிழா. வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை. பங்காளிகளோடு வரப்புத் தகராறு. நான்கு நாள் லீவு போட்டுப் போனவர், ஐந்தாம் நாள் காலை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது போனதைவிடக் களைத்திருப்பார். சட்டைப் பையும் காலியாக இருக்கும்.

வீட்டுக்காரியின் பாடு அதைவிடக் கஷ்டம். பெங்களூரில் ஐந்து பேருக்குச் சமைத்தவள், ஊரில் இருபத்தைந்து பேருக்குச் சமைப்பாள். அவ்வளவுதான் வித்தியாசம். லீவு கணவனுக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. அடுப்புக்கு ஏது லீவு?

இந்த வழக்கத்தை ஸ்ரீராமபுரத்துக் குடும்பம் ஒன்று ஒரு முறை மாற்றிப் பார்த்தது.

சீட்டுப் பணம்

குடும்பத் தலைவர் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தா. அவருடைய தகப்பனார் திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், ஒன்பதாம் வகுப்பு மகன், எழுபது வயதைத் தாண்டிய தாயார். ஆக ஐந்து பேர்.

அந்த அம்மாள் தெருப் பெண்களோடு சேர்ந்து சீட்டுக் கட்டி வந்தார். 25 பேர், மாதம் 2,000 ரூபாய், 25 மாதம். நடுவில் எடுத்தால் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்று கடைசிவரை காத்திருந்து முழுத் தொகையையும் எடுத்தார். மகளுக்கு ஜிமிக்கி வாங்குவதாகத்தான் ஏற்பாடு.

பணம் கைக்கு வந்த அன்று இரவு கணவரிடம், "என்னங்க, இந்தத் தடவை ஊருக்குப் போக வேணாம். கடலுக்குப் போகலாம்" என்றார்.

"கடலுக்கா? அங்கே நமக்கு யார் இருக்காங்க?"

"யாரும் இல்லை. அதனாலதான் சொல்றேன்."

கணவருக்கு மனம் ஒப்பவில்லை. மாசி மாதத்தில் ஊரில் தேர். தம்பியிடம் போனில் சொன்னபோது, "அண்ணே, வடம் பிடிக்க வராம கடலைப் பார்க்கவா போறீங்க? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று அவன் கோபித்துக் கொண்டான். அந்த வார்த்தை அவரை உறுத்தியது. சீட்டுப் பணத்தை வீணாக்குகிறோமோ என்ற கவலை வேறு.

வழக்கைத் தீர்த்து வைத்தவர் தாயார். "தேரு அடுத்த வருஷமும் ஓடும். நான் கடலைப் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் நான் இருக்கிறேனோ இல்லையோ" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

ஏன் கார்வார்?

பெங்களூருக்குக் கடல் கிடையாது. கிழக்கே போனால் சென்னை; மேற்கே போனால் மங்களூர், உடுப்பி, கார்வார். கார்வார் வட கன்னட மாவட்டத்தின் தலைநகரம். கோவா எல்லையை ஒட்டி, காளி நதி அரபிக்கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. மகாகவி தாகூர் இருபத்திரண்டு வயது இளைஞராக இருந்தபோது, அங்கே நீதிபதியாக இருந்த அண்ணன் சத்தியேந்திரநாத் வீட்டில் வந்து தங்கினார். ஊர்க் கடற்கரைக்கு இன்று தாகூர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நதியைத் தாண்டி வடக்கே சவுக்குத் தோப்பும் மணலுமாக நீண்டு கிடப்பது தேவ்பாக். அங்கே கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் ஒரு கடற்கரை விடுதி நடத்துகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனம் 1980 இல் தொடங்கியது. கபினி நதிக்கரைக் காட்டு விடுதிதான் அதன் முதல் விடுதி. காட்டுக்குள் ஓட்டலோ கடையோ கிடையாது. ஆகவே தங்குவது, மூன்று வேளைச் சாப்பாடு, காட்டைச் சுற்றிக் காட்டுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வாங்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். அதே முறைதான் தேவ்பாக் கடற்கரையிலும் நடக்கிறது.

"ஒரே கட்டணம்" என்ற சொல்தான் அந்த அம்மாளின் மனத்தைப் பிடித்தது. மகள் படித்துச் சொன்னதும் திரும்பத் திரும்பக் கேட்டாராம். "சாப்பாடும் அதிலேயே அடக்கமா? நாம சமைக்க வேண்டியதில்லையா?"

ரயிலில்

பெங்களூரிலிருந்து கார்வாருக்குப் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் உண்டு. மாலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில் கொண்டு சேர்க்கும். குனிகல், ஹாசன், சக்லேஷ்பூர் வழியாகப் போகிறது. சக்லேஷ்பூருக்கும் சுப்பிரமணியா ரோட்டுக்கும் இடையே 55 கிலோமீட்டர் மலைப்பாதை, 57 சுரங்கங்கள். 1979 இல் மீட்டர் கேஜாகத் திறந்து, பிறகு அகலப் பாதையாக மாற்றியது. மங்களூரைத் தாண்டினால் கொங்கண் ரயில்வே. 1998 ஜனவரி 26 அன்று அந்தப் பாதை முழுவதும் திறந்த பிறகுதான் கார்வார் போன்ற ஊர்கள் நமக்குக் கிட்டத்தில் வந்தன.

குடும்பம் ஏறிய அன்று அவர்களிடம் ஏழு மூட்டைகள். புளியோதரை ஒரு தூக்கு, இட்லி ஒரு டப்பா, மிளகாய்ப்பொடி, முறுக்கு, ஊறுகாய் பாட்டில். தாயார் தனியாக அவல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "அங்கே எல்லாம் குடுப்பாங்க பாட்டி" என்று பேத்தி சொன்னதற்கு, "குடுக்கலேன்னா?" என்று கேட்டார். ஊரைவிட்டு ஊர் வந்து பிழைத்த குடும்பத்தில் அந்தக் கேள்வி எப்போதும் இருக்கும்.

கார்வார் ஸ்டேஷன் ஊருக்குச் சற்று வெளியே ஷிர்வாட் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோவில் காளி நதிக்கரைக்கு வந்து, படகில் ஏறி அக்கரைக்குப் போக வேண்டும்.

நதியின் குறுக்கே பாலம் தெரியும். 2024 ஆகஸ்ட் 7 ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அங்கிருந்த பழைய பாலம் இடிந்து விழுந்ததும், லாரியோடு ஆற்றில் விழுந்த தமிழ்நாட்டு டிரைவரை மீனவர்களும் போலீசாரும் உயிரோடு மீட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். படகுக்காரர் அந்த இடத்தைக் கையால் காட்டினார். தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும், "உங்கள் ஊர்க்காரர் பிழைத்துக் கொண்டார்" என்று கன்னடத்தில் சொன்னார். தாயார் நதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

எதெல்லாம் அடக்கம்?

தேவ்பாக் பெரிய மாளிகை அல்ல. சவுக்கு மரங்களுக்கு நடுவே மரக் கால்கள் மேல் நிற்கும் மரக் குடில்கள். கட்டில், குளியலறை, உட்கார ஒரு திண்ணை. பளிங்குத் தரையையும் சரவிளக்கையும் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். கடல் வேண்டும் என்று போகிறவருக்குக் குறை இராது.

கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று கணக்கு. மதியம் போய்ச் சேர்ந்தால் மதியச் சாப்பாடு, மாலையில் தேநீர், இரவுச் சாப்பாடு, மறுநாள் காலைச் சிற்றுண்டி. பிறகு அறையைக் காலி செய்ய வேண்டும். இந்த மாதிரி ஏற்பாடுகளில் வழக்கமாகப் படகில் கொஞ்சம் சுற்றிக் காட்டுவதும் சேரும். நீர் விளையாட்டுகளுக்குத் தனிக் காசு. வரியும் தனி.

முதல் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வேடிக்கை. சோறு, சப்பாத்தி, பருப்பு, காய்கறி, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, பாயசம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. வேண்டியதை வேண்டிய மட்டும் போட்டுக் கொள்ளலாம். மகன் மீன் குழம்புக்கு மூன்றாம் முறை எழுந்தபோது, தகப்பனார் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "எவ்வளவு போடுவானோ" என்று பழக்கத்தில் மனம் கணக்குப் போட்டுவிட்டது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாதம் முழுவதும் கம்பெனிச் சரக்கையும், மீதி நேரம் வீட்டுச் செலவையும் எண்ணிக் கொண்டிருக்கும் மனிதர். பணம் முன்பே கட்டியாகிவிட்டது. இனி இரண்டு நாளைக்கு எண்ண ஒன்றுமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் சட்டையில் குத்தியிருந்த பேனாவை எடுத்து அறையில் வைத்துவிட்டு மணலுக்குப் போனார்.

இந்த முறை எங்கே பிறந்தது?

ஒரே கட்டணத்தில் கடற்கரை விடுமுறை என்பது பணக்காரர்களுக்காகப் பிறந்தது என்று பலர் நினைப்பார்கள். உண்மை வேறு. அது தொழிலாளிக்காகப் பிறந்தது.

இங்கிலாந்தில் கடற்கரை ஊர்களுக்குப் போகும் தொழிலாளர் குடும்பங்கள் சிறு விடுதிகளில் தங்கும். காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும். மாலைவரை உள்ளே விட மாட்டார்கள். மழையில் பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நின்ற குடும்பங்களைப் பார்த்த பில்லி பட்லின் என்பவர், 1936 இல் ஸ்கெக்னஸ் கடற்கரையில் ஒரு விடுமுறை முகாம் திறந்தார். தங்க இடம், சாப்பாடு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம். ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பதே அவருடைய விளம்பரம். அதே 1936 இல் பிரான்சில் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் லீவு என்று சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1938 இல் சம்பள விடுமுறைச் சட்டம் வந்தது.

1950 இல் கிளப் மெடிட்டரேனி என்ற அமைப்பு ஸ்பெயினைச் சேர்ந்த மஜோர்கா தீவில் பழைய ராணுவக் கூடாரங்களை அடித்து முகாம் போட்டது. கட்டிலும் சாப்பாடும் ஒரே கட்டணத்தில். குடிக்கும் பானத்துக்கு மட்டும் காசுக்குப் பதில் பாசிமணி கொடுத்தால் போதும் என்ற வழக்கம் பின்னால் வந்தது. அங்கிருந்து இந்த முறை கரீபியன் தீவுகளுக்குப் போயிற்று. ஜமைக்காவில் 1981 இல் மான்டேகோ பே என்ற ஊரில் சாண்டல்ஸ் விடுதி திறந்தது. இன்று ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசு, கியூபா எங்கும் கடற்கரையை ஒட்டி இத்தகைய விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை செய்யும் சாதாரணக் குடும்பங்கள் பனிக்காலத்தில் ஒரு வாரம் அங்கே வந்து கிடக்கின்றன. கையில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டி விடுவார்கள். அந்தப் பட்டை இருந்தால் பணப்பை தேவையில்லை.

அந்தத் தீவுகளில் தமிழருக்கும் சம்பந்தம் உண்டு. பிரெஞ்சுக்காரரின் மார்த்தினிக் தீவுக்கு 1853 இலும், குவாதலூப் தீவுக்கு 1854 இலும் கரும்புத் தோட்ட வேலைக்காக முதல் கப்பலில் இந்தியர் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து பிறகு போனவர்களில் தமிழர் ஏராளம். அவர்களுடைய சந்ததியார் தமிழ் பேச மறந்தாலும் மாரியம்மனை மறக்கவில்லை. "மாலியேமன்" என்று சொல்லி இன்றும் வணங்குகிறார்கள். குவாதலூப்பின் செயின்ட் ஆன் கடற்கரையில் கிளப் மெடிட்டரேனியின் விடுதி இருக்கிறது. அந்தத் தீவுகளின் சமையலில் பெயர் பெற்ற மசாலாக் குழம்புக்குக் "கொலம்போ" என்று பெயர். தோட்ட வேலைக்குப் போன இந்தியர் கொண்டு சேர்த்த மசாலா அது. விடுமுறைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ருசித்துச் சாப்பிடும் குழம்பை, லீவு என்றால் என்னவென்றே தெரியாமல் கரும்பு வெட்டியவர்கள் கொண்டு போனார்கள்.

விடியற்காலை நாலரை மணி

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அந்த அம்மாளுக்கு விழிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். நாலரைக்கு எழுந்தால்தான் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, ஐந்து பேருக்குச் சிற்றுண்டி செய்து, மூன்று டிபன் கட்டி முடிக்கலாம்.

எழுந்து தலைமுடியை அள்ளி முடிந்தார். விளக்கைப் போடப் போனார். பிறகுதான் இது ஸ்ரீராமபுரம் அல்ல என்பது நினைவுக்கு வந்தது.

செய்ய வேலை ஒன்றுமில்லை. பால் வாங்க வேண்டியதில்லை. மாவு கரைக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து திண்ணைப் படியில் வந்து உட்கார்ந்தார். இருட்டில் கடல் தெரியவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது.

ஐந்து மணிக்குத் தாயார் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியாரும் மருமகளும் வேலை எதுவும் கையில் இல்லாமல் அருகருகே உட்கார்ந்தது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. வீட்டில் ஒருவர் வெங்காயம் உரித்தால் மற்றவர் அரிசி களைந்து கொண்டிருப்பார். பேச்செல்லாம் உப்பு, புளி, பால் கணக்குத்தான். அன்று தாயார் தம் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாராம். பதினைந்து வயதில் வாழ்க்கைப்பட்டது, பெங்களூருக்கு வந்த முதல் வருடம் குளிரில் அழுதது, மில் சங்கு ஊதுவதற்கு முன் சோறு வடித்தாக வேண்டும் என்று தூங்காமல் கிடந்தது.

"நான் இதையெல்லாம் யார்கிட்டேயும் சொன்னதில்லை" என்றாராம் கடைசியில்.

விடிந்ததும் மகள் வந்து பார்த்தபோது, இருவரும் மணலில் இறங்கிக் கணுக்கால் அளவு தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு அலைக்கும் தாயார் "அம்மாடி" என்று கூவினார்.

பரிமாறிய பையன்

இரண்டாம் நாள் இரவு. சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்த பையனைத் தாயார் பிடித்துக் கொண்டார். தமக்குத் தெரிந்த கன்னடத்தில், "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார். பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்விதான். அவன் சிரித்தான். "எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அஜ்ஜி" என்றான். வீடு தூரத்தில் இருக்கிறது. பண்டிகை நாட்களில்தான் கூட்டம் அதிகம் என்பதால் தீபாவளிக்கு வீட்டுக்குப் போக முடியவில்லை என்றான்.

அதன் பிறகு தாயாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நாம லீவுல வந்திருக்கோம். இந்தப் பிள்ளைக்கு லீவு இல்லையே" என்றார்.

இது யோசிக்க வேண்டிய விஷயம். கரீபியன் தீவுகளிலும் இந்தக் குறை பேசப்படுகிறது. ஒரே கட்டணம் கட்டிவிட்ட விருந்தாளி விடுதி வாசலைத் தாண்டுவதில்லை. வாசலுக்கு வெளியே இளநீர் விற்பவருக்கும், மீன் வறுப்பவளுக்கும், டாக்சிக்காரருக்கும் அவரால் வருமானமில்லை. பணத்தில் பெரும்பங்கு விடுதி முதலாளிக்கே போகிறது. பரிமாறும் தொழிலாளி விருந்தாளி தரும் சில்லறையை எதிர்பார்த்து நிற்கிறார்.

ஊரைவிட்டு வந்து உழைக்கும் நம்மவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் ஏதோ ஒரு ஊரில் யாருக்கோ தண்ணீர் ஊற்றிக் கொண்டிருப்பவர்கள்தான். கிளம்பும் அன்று அந்த அம்மாள் பையனிடம் பணம் கொடுத்ததோடு, பிரிக்காமலே இருந்த முறுக்கு டப்பாவையும் கொடுத்தார். ரயிலுக்கு நேரம் இருந்ததால் கார்வார் மார்க்கெட்டில் இறங்கி மீன்காரப் பெண்களிடம் கருவாடு வாங்கினார்கள். அந்தக் காசு அந்த ஊரிலேயே தங்கும்.

நமக்குக் கட்டுப்படியாகுமா?

ஒளிக்காமல் சொன்னால், இது மலிவு அல்ல. அரசு நிறுவனம் என்றாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். ஐந்து பேர் இரண்டு இரவு தங்கியதில் சீட்டுப் பணம் முழுவதும் கரைந்தது. ரயில் கட்டணத்துக்குக் கணவரின் போனஸ் உதவிற்று. ஜிமிக்கி அடுத்த சீட்டுக்குத் தள்ளிப் போயிற்று. மகள் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களைத் தவிர்த்தால் இம்மாதிரி விடுதிகளில் கட்டணம் குறைய வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா, வரி எவ்வளவு, படகுச் சவாரி அடக்கமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. "எல்லாம் அடக்கம்" என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது.

மத்திய அரசு ஊழியருக்குப் பயணச் சலுகை உண்டு. ஆனால் அது பயணக் கட்டணத்துக்கு மட்டுமே. தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் அதில் வராது. ரயில்வே ஊழியருக்குப் பாஸ் இருக்கிறது. மத்திய அரசுக்கும் ரயில்வேக்கும் பல ஊர்களில் விடுமுறை இல்லங்கள் இருக்கின்றன. வாடகை மிகக் குறைவு. ஆனால் இத்தகைய இல்லங்களுக்குப் போகும் நம் குடும்பங்கள் ஸ்டவ்வும் குக்கரும் அரிசி மூட்டையுமாகப் போவதைப் பார்க்கலாம். இடம் மாறுகிறது, அடுப்பு மாறுவதில்லை. பணம் மிச்சம்தான், ஆனால் வீட்டுக்காரிக்கு லீவு கிடைப்பதில்லை. அங்கே போனாலும் ஒரு வேளையாவது வெளியே வாங்கிச் சாப்பிடுவது என்று வைத்துக் கொள்ளலாம். அல்லது ஆண்கள் சமைக்கலாம். யாரும் தடுக்கவில்லை.

கடலில் விளையாடுவதில் எச்சரிக்கை மிக மிக அவசியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்; அப்போது இறங்கவே கூடாது. மற்ற மாதங்களிலும் காவலர் சொல்வதை மீறக் கூடாது. கோலார் மாவட்டத்திலிருந்து சுற்றுலா போன பள்ளி மாணவிகள் நால்வரை 2024 டிசம்பரில் முருதேஸ்வரர் கடல் கொண்டு போனதை மறக்க முடியாது. கடலோடு பழக்கமில்லாத உள்நாட்டுக்காரர்கள் நாம். கணுக்கால் தண்ணீரே நமக்குப் போதும்.

உழைத்துச் சம்பாதித்த லீவு

1948 இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், வருடத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, உழைத்த இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் லீவு என்று விதித்தது. லீவு முதலாளி போடும் பிச்சையல்ல. உழைத்துச் சம்பாதித்த சொத்து என்பதே அதன் பொருள். அந்தச் சொத்தை நம்மவர் பெரும்பாலும் பிறருக்காகவே செலவிடுகிறார்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் சில வருடங்களுக்கு ஒரு முறையாவது, இரண்டே இரண்டு நாள், வீட்டில் உழைப்பவளுக்காகவும் அந்த லீவிலிருந்து எடுத்து வைத்தால் என்ன?

அவளுக்குச் சட்டம் எதுவும் இல்லை. இருபது நாளுக்கு ஒரு நாள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால், ஸ்ரீராமபுரத்து அம்மாளுக்கு இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் லீவு சேர்ந்திருக்கும். அவர் எடுத்தது இரண்டு நாள்.

சித்திரை வருடப் பிறப்புக்குக் குடும்பம் ஊருக்குப் போயிற்று. தம்பி முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாயார் திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் தெருவே கூடிவிட்டது. படகு, பாலம், மரவீடு, அலை, மூன்று முறை மீன் குழம்பு வாங்கிய பேரன் எல்லாம் வந்தன. தம்பியும் கடைசியில் தூணோரம் வந்து நின்று கேட்டான்.

தம்பி மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று கொண்டிருந்தாள். மாசித் தேருக்கு வந்த உறவுக்காரர்களுக்கு மூன்று நாள் ஒற்றை ஆளாகச் சமைத்துப் போட்டவள். கடல் எப்படி இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டு நாளும் அடுப்புப் பக்கமே போகலையா அக்கா?"

"போகலை" என்றார் அந்த அம்மாள்.

அடுத்த மாதம் ஸ்ரீராமபுரத்தில் புதுச் சீட்டு தொடங்கியது. அதில் திருப்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது.